எழுதப்படாத வலி
(பேராக்கில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்தது சம்பளத்தைப் பற்றியல்ல. அந்தச் சம்பளத்தைத் தேடித் தரும் இடுப்பையும் தோளையும் முழங்காலையும் பற்றியே பேச வந்திருக்கிறேன். அவற்றைச் சீர்படுத்தும் தொழிலைக் கற்றவர் பிசியோதெரபிஸ்ட். இயன்முறைச் சிகிச்சையாளர் என்று தமிழில் சொல்கிறார்கள். நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நிறைய உண்டு.

பால்மரம் வெட்டும் வேலையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தீம்பாரில் நிற்க வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். தாழ்ந்த பட்டை என்றால் மரத்துக்கு ஒரு குனிவு. உயர்ந்த பட்டை என்றால் கழுத்தை அண்ணாந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆகவே மணிக்கட்டு ஒவ்வொரு மரத்திலும் அதே திருப்பைத் திருப்புகிறது. அதன் பிறகு பால் சுமை. இருபது லிட்டர் வாளி இரண்டு நிறைந்தால் ஏறக்குறைய 40 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் சறுக்கலிலும் நடக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழாத எங்கள் கிராணிமார்களின் கழுத்தும் முதுகும் இதற்கு விலக்கல்ல.

வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? தைலம் தேய்க்கிறோம், மாத்திரை விழுங்குகிறோம், மறுநாள் அதே நிரைக்குப் போகிறோம். வெட்டின பாலுக்குத்தான் காசு என்றால் எவன் ஓய்வெடுப்பான்? வலி அடங்கியது போலிருக்கும். காரணம் அப்படியே இருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் வெறுமே உடம்பு பிடித்து விடுபவர் அல்லர். எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எந்தத் தசை வலுவிழந்தது, எந்த அசைவில் வலி எழுகிறது என்று சோதிக்கிறார். அதற்கேற்ற பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, இழந்த வலுவைப் படிப்படியாக மீட்கிறார். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இத்தொழிலையும் தன் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது.

அவர் வேலை ஆஸ்பத்திரி அறையோடு முடிவதில்லை. வேலை செய்யும் இடத்தைப் பார்த்து, சுமையைக் குறைப்பது எப்படி, கத்திப் பிடியை மாற்றுவது எப்படி, எத்தனை நேரத்துக்கு ஒரு முறை நிமிர வேண்டும் என்று சொல்வதும் அவர் தொழிலே. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன முதியவரை எழுப்பி உட்கார வைக்கவும் நடக்க வைக்கவும் வீட்டாருக்குக் கற்றுத் தருபவரும் அவரே. தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, பட்டணத்து ஓரத்தில் குடியேறிய நம் பெற்றோருக்கு இந்த உதவி எவ்வளவு தேவை!

தோழர்களே, சட்டம் நடந்து வந்த பாதையைப் பாருங்கள். 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் விரல் போனால் இவ்வளவு, கை போனால் இவ்வளவு என்று கணக்குப் போட்டது. கைக்கு விலை கிடைத்தது, கை கிடைக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி 1971இல் சொக்சோ பிறந்தது. 2007இல் அது மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கியது. மலாக்காவில் 2014இல் மறுவாழ்வு மையம் திறந்தது; நமது ஈப்போவின் மேரு ராயாவிலும் மையம் அமைத்திருக்கிறது. 2019 முதல், பக்கத்து நிரையில் வெட்டும் அயல்நாட்டுத் தோழருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு.

ஆனால் மையம் இருந்தால் போதுமா? சிகிச்சை பெற்று வந்தவனிடம் அதே வாளியை, அதே நிரையை, முதல் நாளே கொடுத்தால் ஆறு வாரத்துப் பயிற்சி ஆறே நாளில் வீணாகும். ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

முதலாவது, வலியை மறைக்காதீர்கள். என்றைக்கு, எந்த வேலையில், எந்த இடத்தில் வலித்தது என்று அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கிராணித் தோழர்களே, இது நம் கடமை. பாலின் எடையைப் பிசகாமல் எழுதும் பேனா, மனிதனின் வலியை எழுதத் தயங்கலாமா? எழுதப்படாத வலிக்குச் சாட்சி கிடையாது. டாக்டரிடம் போனால் பிசியோதெரபிக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் உங்கள் வேலையை நடித்துக் காட்டுங்கள். குனிவதையும் தூக்குவதையும் கண்ணால் கண்டால்தான் அவருக்குப் புரியும்.

இரண்டாவது, 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும்; தொழிலாளர் பிரதிநிதியும் அதில் அமர வேண்டும். அந்தக் குழுவில் பாம்புக்கடியையும் கத்திக்காயத்தையும் மட்டும் பேசாதீர்கள். வாளியின் எடையையும், பால் சுமக்கும் தூரத்தையும் பேசுங்கள்.

மூன்றாவது, குணமாகித் திரும்புகிறவருக்குச் சில வாரங்கள் இலகு வேலை வேண்டும். அதற்காகக் கூலி குறையக் கூடாது. இதைத் தனி மனிதன் கேட்டால் சலுகை. சங்கம் கேட்டால் உரிமை.

மரத்துக்குக் காயம் பட்டால் உடனே மருந்து பூசச் சொல்கிறார்கள். மரம் முதலாளியின் சொத்து. நம் உடம்பு நம் சொத்து. அதைக் காக்கும்படி கேட்க வேண்டியவர்கள் நாமே.