மாத்திரை டப்பாவும் தனி டம்ளரும்

(இளைஞர்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எச்.ஐ.வி. மருந்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். 2007 முதல் அதை விழுங்கிக்கொண்டிருப்பவள் என்கிற தகுதியில் பேசுகிறேன்.

2001இல் சிப்லா கம்பெனி ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. மேலை நாட்டுக் கம்பெனிகள் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் இங்கே செய்த மாத்திரை இங்குள்ள ஏழைக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க 2004 ஏப்ரல் வரை ஆனது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை தொடக்கத்திலேயே மருந்து கொடுத்த இடங்களில் ஒன்று. அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேரைப் பறிகொடுத்தோம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

எனக்கு முதலில் கொடுத்ததில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்னம் ஒட்டிப்போனது, கால் எரிந்தது. முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். பிறகு எஃபாவிரென்ஸ். அது தலைசுற்றல், கண்ட கண்ட கனவு. இப்போது டோலுடெக்ராவிர் கலந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒருமுறை. சிலருக்கு எடை கூடுகிறது, சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. மற்றபடி நல்ல மருந்து. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. இதை உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள்.

விழுங்குவது சுலபம், ஒளித்து வைப்பதுதான் பாடு. டப்பாவை ஆட்டினால் மாத்திரை சத்தம் கேட்கும். அதனால் உள்ளே பஞ்சு அடைப்போம். மேலே ஒட்டிய தாளைச் சுரண்டி எடுப்போம். மில் விடுதியில் இருக்கும் ஒரு தங்கை, மற்றவர்கள் தூங்கிய பிறகு போர்வைக்குள் போட்டுக்கொள்வாள். சாவு வீட்டுக்குப் போனால், சொந்தக்காரர் கூட்டத்துக்கு நடுவே பையைத் திறக்க முடியாமல் அன்றைய மாத்திரை போய்விடும். மையத்தில் இதை 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று எழுதுவார்கள். மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவளைப் பார்த்துத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

ஒரு மருத்துவமனையில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கேஸ் தாளில் சிவப்பு மையில் எழுதி, கட்டிலைக் கழிவறைப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள். எங்கள் சேரியில், தோழர்களே. என் அம்மா டீக்கடைக்கு வெளியே நின்று தனி டம்ளரில் குடித்து, அதைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர். அந்த டம்ளர் எங்கிருந்து வந்தது என்று எங்கள் தெருவுக்குத் தெரியாதா?

இன்னொன்று, 'எப்படி வந்தது?' என்ற கேள்வி. புருஷனால் என்று சொன்னால் 'ஐயோ பாவம்' என்பார்கள். அதே வரிசையில் நிற்கும் திருநங்கைக்கும் பாலியல் தொழிலாளிக்கும் அந்தப் 'பாவம்' கிடைக்காது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தது சென்னையில், காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில்தான். அன்றைக்கே அவர்கள் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள். நோயாளிகளுக்குள்ளேயே சுத்தமானவர், அசுத்தமானவர் என்று படி போடுவதற்குப் பெயர் என்ன என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

2017இல் சட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலையில், மருத்துவமனையில், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்லத் தெரிந்த நம் தோழர்கள் இதையும் ஒருமுறை படிக்கலாம். பயிற்சி முகாம் நடத்தும்போது யாருக்கும் பதில் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொள்ள ஒரு மறைவான இடமும் ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள்.

எனக்கு மாத்திரை நேரம் ஒன்பது மணி. இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.