பதிவு செய்யாத மணம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



காரைக்குடியில் குடும்ப வழக்குகளும் சொத்து வழக்குகளும் நடத்திவரும் எனக்கு ஆசானாக விளங்குவது ஒரு பழைய வழக்கு. நகரத்தார் குடும்பமொன்றில் எழுந்த அவ்வழக்கில், 1934-இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. மனைவியின் நிலையும் மக்களின் உரிமையும் கேள்விக்குறியாயின.

அண்ணாவின் அரசு 1967-இல் நிறைவேற்றிய திருத்தம் அக்குறையைக் களைந்தது. உற்றார் முன்னிலையில் உறுதிமொழி கூறினாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்னர் நடந்தவையும் செல்லுபடியாயின.

ஆயினும், வாழ்வுரிமை கேட்டு என்னிடம் கண்ணீரோடு வரும் நம் சகோதரியர் பலரிடம் மணத்தை மெய்ப்பிக்க ஒரு துண்டுத்தாளும் இல்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டமோ 90 நாட்களுக்குள் பதிவு செய்யப் பணிக்கிறது. மாணவர்களே, உங்கள் தெருவில் நிகழும் ஒவ்வொரு திருமணத்தையும் பதிவு செய்வியுங்கள். கற்ற கல்விக்கு அதுவே முதற்பயன்.