கைமருந்தும் அதன் எல்லையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



அன்றாட வாழ்வில் ஆரோக்கியமும் இயற்கை மருத்துவமும் என்ற பொருளில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டிருந்தார்கள். இந்த மண்டபத்தில் ஒன்றாகத் தேவாரம் பாடி, பிறகு வைத்தியத் துறைக்குப் போனவர்கள் சிலர் இருக்கிறோம். எங்களுக்குள் பேசிக்கொண்டவற்றைத்தான் இங்கே ஒருவராக நின்று சொல்கிறோம். ஆகவே இதில் பிழை இருந்தால் எல்லோருக்கும் பங்கு உண்டு!

இன்று காலை வரும் வழியில் மருதனார்மடம் சந்தைக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தோம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்தன. ரொறன்ரோவிலிருந்து வந்த தோழி ஒருத்தி முருங்கையிலைப் பிடியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். அங்கே இதையே பொடியாக்கிக் குளிசைக் கூட்டில் அடைத்து விற்கிறார்களாம், அவளும் மாதா மாதம் வாங்குகிறாளாம். அம்மம்மா வேலியில் ஒடித்துச் சுண்டியதைப் போத்தலில் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறோம் என்றாள்.

எங்கள் வகுப்பினருக்கு இந்த இயற்கை வாழ்வு விரும்பி வந்ததல்ல. 1990இலிருந்து 1995 வரை குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பனடோல் கிடைப்பதும் அருமை. சைக்கிளில்தான் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் நடை. சீனி இல்லாததால் பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடித்தோம். தடிமன் வந்தால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர், நெஞ்சு அடைத்தால் நொச்சியிலை போட்டு வேது பிடித்தல். பின்னேரம் துலாக் கிணற்றில் தண்ணீர் இறைப்பு. அந்தக் காலத்தில் எங்களில் ஒருத்திக்காவது உடல் பருமன் இருந்ததாக நினைவில்லை. அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். மருந்தில்லாமல் போன உயிர்களையும் அதே வருடங்களில்தான் கண்டோம். இன்சுலின் கிடைக்காத நீரிழிவுக்காரருக்கு எந்தக் கஷாயமும் ஈடாகவில்லை.

இந்த இரண்டு நினைவையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டு வைத்தியத்தில் நல்லது எவ்வளவு என்று கேட்டால், நிறைய என்றுதான் சொல்வோம். மல்லித்தண்ணீர் காய்ச்சலைக் கொல்வதில்லை. ஆனால் வியர்த்துக் களைத்த உடம்புக்குச் சூடான நீர் போகிறது, அதுவே பாதி வைத்தியம். குழந்தை பெற்றவளுக்கு உள்ளியும் மிளகும் சரக்கும் அரைத்த கறி வைத்து, முப்பத்தொரு நாள் வீட்டு வேலையில் கைவைக்க விடாமல் பார்த்தார்கள். சரக்கைவிட அந்த ஓய்வும், பக்கத்தில் ஒரு தாயோ பெரியம்மாவோ இருந்ததும்தான் பெரிய மருந்து. இலண்டனிலும் சிட்னியிலும் பிரசவித்த எங்கள் தோழிகள் பார்சலில் வந்த சரக்குத் தூளைக் கரைத்துக் குடித்துவிட்டு ஐந்தாம் நாள் தனியாக உடுப்புத் தோய்த்திருக்கிறார்கள். தூள் போய்ச் சேர்ந்தது, பெரியம்மா போய்ச் சேரவில்லை. பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்துபோய் அழுதவர்கள் சிலர் அதை எங்களிடம் பல வருடம் கழித்தே சொன்னார்கள்.

ஒடியற் கூழும் அப்படித்தான். மீனோ மரக்கறியோ, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரு பானைக்குள் விழும். முற்றத்தில் இருந்து பிலாவிலையில் கோலிக் குடிக்கும்போது யாரும் அவசரப்படுவதில்லை. குரக்கன் பிட்டும் நல்லதுதான். ஆனால் குரக்கனும் மாதான்! வெள்ளைப் பிட்டை விட்டுக் குரக்கனுக்கு மாறிவிட்டோம் என்ற துணிவில் இரண்டு நீத்துப்பெட்டியை ஒரே இருப்பில் முடிப்பவர்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். கிளினிக்கில் தினமும் பார்க்கிறோம்.

இனி நாங்கள் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம்.

எங்கள் பாட்டிமார் இயற்கையானது என்பதற்காக எதையும் கண்ணை மூடி விழுங்கியதில்லை. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பை வடித்த பிறகுதான் கூழுக்கு எடுத்தார்கள். மரவள்ளிக் கிழங்கை மூடி போடாமல் அவி என்று அதட்டினார்கள். அந்தக் கிழங்கிலிருந்து சயனைட்டு வெளிவரும், திறந்த பானையில் அவித்தால் ஆவியோடு போய்விடும் என்ற இரசாயனம் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் செய்கை தெரியும். வேலியில் பூக்கும் கார்த்திகைப் பூவின் கிழங்கைப் பிள்ளைகள் தொடவும் விடமாட்டார்கள். அதிலுள்ள கோல்கிசின் ஆங்கில வைத்தியத்தில் அளந்து கொடுக்கும் மருந்து, அளவு மீறினால் உயிர் கொல்லும் நஞ்சு. கிணற்று நீரையும் இப்போது அப்படி யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் நேரே கீழே இறங்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ளவர்கள் கிணற்றில் எண்ணெய் மிதந்ததையும் கண்டவர்கள்.

கைமருந்து தெரிந்த பெண்களுக்கு அதன் எல்லையும் தெரிந்திருந்தது. மூன்று நாள் பார்ப்பார்கள், பிறகு 'இது எங்கடை கைக்கு அடங்காது' என்று பரியாரியாரிடம் அனுப்புவார்கள். பரியாரியாரும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, தன்னால் முடியாததை முடியாது என்பார். சாத்தியம், அசாத்தியம் என்று நோயைப் பிரித்துப் பார்ப்பது சித்த வைத்தியத்தின் பழைய ஒழுங்கு. பரராசசேகரம், செகராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் பிறந்த மண் இது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி 1984இலிருந்து நடக்கிறது. அங்கே படித்து வந்தவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எங்களிடம் நோயாளரை அனுப்புகிறவர்கள் அவர்களில் பலர். தொலைபேசியில் சுற்றும் வீடியோக்களோடுதான் சண்டை. அவற்றுக்கு நாடியும் இல்லை, எல்லையும் இல்லை.

நீரிழிவுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வெறுவயிற்றில் நட்சத்திரப் பழச் சாறு குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அந்தப் பழத்தில் ஒக்சலேற்று அதிகம். ஒரு பழத்துண்டு வேறு, ஒரு குவளைச் சாறு வேறு. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பப்பாசியிலைச் சாற்றைக் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான நேரம் தொடங்கும். சூடு இறங்கிவிட்டது என்று நேர்த்தி வைத்த தேங்காயை உடைக்கும் நேரத்தில் பிள்ளையின் கைகால் குளிர்ந்துவிடும்.

இதையெல்லாம்விட எங்களை உறுத்துவது ஒன்று இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒருத்தி. அவளுடைய பிள்ளைகளின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் சொல்கிறோம். நெட்போலில் எங்கள் இல்லத்துக்குக் கோல் போட்டவள், வீட்டில் எல்லோருக்கும் கைமருந்து செய்து கொடுத்தவள். நாற்பத்திரண்டு வயதில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நோவு இல்லை, நோவில்லாததால் பயமும் இல்லை. மஞ்சளும் வேறு இலையும் அரைத்துப் பூசினாள். சீனியையும் மாச்சத்தையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து கரையும் என்று ஒரு வீடியோவில் கேட்டு அதையும் செய்தாள். உடம்பு மெலிந்தது. 'வடிவாய் மெலிஞ்சிட்டாய்' என்று ஒரு கலியாண வீட்டில் அவளைப் பார்த்துச் சொன்னவர்கள் நாங்களே. அவளை நாங்கள் பரிசோதித்தபோது பத்து மாதம் கழிந்திருந்தது. தோல் உடைந்து, கக்கத்திலும் நெறி கட்டியிருந்தது.

ஏனடி முதலே சொல்லவில்லை என்று கேட்டோம். வெட்கமாய் இருந்தது என்றாள். பிறகு சிறிது பொறுத்து இன்னொன்றும் சொன்னாள். ஒருமுறை கிளினிக்குக்குப் போனாளாம். நீண்ட வரிசை, கதவு திறந்தபடி, பெண் வைத்தியர் இல்லை, இரண்டு நிமிடத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும். திரும்பி வந்துவிட்டாள். கைமருந்து செய்கிறவர் ஒரு மணித்தியாலம் இருந்து கதை கேட்பார், அதற்கு எங்களிடம் பதில் இல்லை. வீடியோக்களைத் திட்டும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடசாலையின் தொடக்கத்தை நினைக்கும்போது வேறொருவரும் நினைவுக்கு வருகிறார். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இதைத் தொடங்கியபோது அதிபராக இருந்தவர் புளோரன்ஸ் பார் என்ற ஆங்கிலப் பெண்மணி. இலண்டன் நாடக மேடையில் பேரெடுத்த நடிகை, கவிஞர் யேட்ஸுக்கும் பேர்னாட் ஷாவுக்கும் நெருங்கிய தோழி. எல்லாவற்றையும் விட்டு 1912இல் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தவர். 1916இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மார்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1917 ஏப்ரலில், ஐம்பத்தாறு வயதில், கொழும்பில் காலமானார். அன்றைய வைத்தியத்தால் அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் யேட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தன் தழும்பைப் பற்றி ஒளிக்காமல், பகிடியோடு எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன் ஒரு பெண் ஓர் ஆண் நண்பருக்கு எழுதக் கூசாததை, எங்கள் தோழி கூடப்பிறந்த தங்கைக்கும் சொல்லவில்லை.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதை வைத்தியர் தொட்டுப் பார்த்து, ஸ்கான் எடுத்து, ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்த பிறகு சொல்ல வேண்டும். நோவில்லாத கட்டியைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காம்பு உள்ளிழுத்தாலும், இரத்தம் கசிந்தாலும், தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக மாறினாலும் அந்தக் கிழமையே வாருங்கள். நேரத்தோடு பிடித்தால் குணமாகும் நோய் இது. சிகிச்சை நடக்கும்போது கூழும் குடிக்கலாம், கீரையும் சாப்பிடலாம், பிரார்த்தனையும் செய்யலாம். என்னென்ன குடிக்கிறீர்கள் என்று மட்டும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச மாட்டோம். முன்பு ஏசியிருக்கிறோம், அதனால்தான் பலர் மறைக்கிறார்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு வசதி கிட்டவே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் முப்பத்தைந்து வயதிலிருந்து மார்பு, கருப்பைக் கழுத்து, பிரசர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாள் சொல்வார். காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை. அதற்கு நிதி சேர்க்க 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். தெற்கிலிருந்து வடக்குக்கு முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்காக நடந்திருக்கிறார்கள். எங்கள் தோழி வீட்டிலிருந்து அந்த இடம் பஸ்ஸில் இருபது நிமிடம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மமோகிராம் எடுக்க வரும்படி கடிதம் வரும். அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டி இரண்டு வருடம் விட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களில் மூன்று பெண் வைத்தியர்கள் பழைய மனையியல் அறையில் இருப்போம். திரை கட்டியிருக்கிறது, கதவு பூட்டியிருக்கும், பெயர்ப் பதிவு இல்லை. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். வெளி விறாந்தையில் மல்லித்தண்ணீர் வைத்திருக்கிறோம், பனங்கட்டியும் உண்டு. குடித்துக்கொண்டு காத்திருங்கள்.