வலியில்லாமல் வரும் இரத்தம்

பிரிக்பீல்ட்ஸில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்ட டிரஸ்ஸர் ஒருவர் ஆற்றிய உரை



நான் பேச வந்திருக்கும் விஷயம் மேடைக்கு ஏற்றதுதானா என்று காலையில் என் வீட்டிலேயே ஒரு சர்ச்சை நடந்தது. "சபை நடுவே மூத்திரத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள் அப்பா?" என்று என் மகள் கேட்டாள். ஆம், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முகம் சுளிக்காமல் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பிரிக்பீல்ட்ஸில் மாலை வேளையில் தேநீர்க் கடைகளில் அமர்ந்திருக்கும் நம் முதியவர்களைக் கவனித்திருப்பீர்கள். பழைய ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர், கிள்ளானிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்தவர் ஒருவர், தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமான பின்பு பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர். சர்க்கரை எத்தனை, பிரஷர் எத்தனை என்று கிராணி செக்ரோல் வாசிப்பதுபோல ஒருவருக்கொருவர் ஒப்பிப்பார்கள். ஆனால், அன்று காலை சிறுநீர் சிவந்து போனதைக் கண்டவர் மட்டும் வாய் திறக்க மாட்டார். மனைவியிடங்கூடச் சொல்ல மாட்டார்.

அப்படிச் சொல்லாமல் இருந்த ஒருவரைப் பற்றி அல்ல, சொல்லியும் கெட்ட ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். கெடுத்தவன் நான்.

1970களின் நடுவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். தோட்டத்தின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். ஐம்பத்தைந்து வயதுக்காரர், நல்ல உழைப்பாளி, பால் ஸ்டோரில் வேலை. ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் வந்து, "ஐயா, தண்ணி சிவப்பா போவுது, வலி கிலி ஒன்னுமில்லே" என்றார். உடம்புச் சூடு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பார்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பொட்டாசியம் சிட்ரேட் மிக்சர் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் இரத்தம் நின்றுவிட்டது. அவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நானும் பெருமையோடு வாங்கிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தபோது கட்டி கட்டியாக இரத்தம் போயிற்று. இடுப்பிலும் வலி இருந்தது. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிறுநீர்ப்பையில் தோன்றிய புற்று அதன் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

என் மிக்சரால் இரத்தம் நிற்கவில்லை, தோழர்களே. அது தானாக நின்றது. இந்த நோயின் வஞ்சகம் அதில்தான் இருக்கிறது. பால் வெட்டியவர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். விடியற்காலையில் வெட்டிய மரத்தில் பால் சில மணி நேரம் வடிந்து, பிறகு உறைந்து நின்றுவிடுகிறது. நின்றதால் பட்டையில் விழுந்த வெட்டு ஆறிவிட்டதென்று எந்த வெட்டுக்காரராவது சொல்வாரா? சிறுநீர்ப்பையின் உட்சுவரில் முளைக்கும் புற்றும் அப்படித்தான். அதன் மெல்லிய நாளம் ஒன்று உடைந்தால் இரத்தம் வரும், உறைந்தால் நிற்கும். ஒரு வாரமோ, ஆறு மாதமோ ஒன்றுமே தெரியாது. உள்ளே முளைத்தது அங்கேயே இருக்கும்.

ஆகவே வலி இல்லாமல் ஒரே ஒரு முறை இரத்தம் வந்து நின்றாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வலியும் எரிச்சலும் இருந்தால் மனிதன் தானாகவே டாக்டரிடம் ஓடுவான். இங்கே வலி இல்லாததால்தான் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிலிட்டர் இரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும். இளஞ்சிவப்பாகவும் வரலாம், தேயிலைச் சாயம் போலவும் வரலாம். மர நிழலிலும் இருட்டுக் கக்கூஸிலும் போய்ப் பழகிய நமக்கு நிறம் பார்க்கும் வழக்கமே கிடையாது. ஐம்பது வயது தாண்டியவர்கள் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வதில் நஷ்டம் என்ன?

சிவப்பெல்லாம் இரத்தமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையேல் நாளைக்கே பாதிப்பேர் பயந்து ஓடி வருவீர்கள். சந்தையில் விற்கும் சிவப்பு டிராகன் பழத்தை வயிறு நிறையச் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். பீட்ரூட்டும் அப்படியே. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையும் ஆரஞ்சு நிறமாக்கும். பழம் தின்றதால் வந்த நிறம் ஓரிரு நாளில் போய்விடும். சந்தேகமிருந்தால் கிளினிக்கில் ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்த்தே இரத்தம் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். உண்மையிலேயே இரத்தம் வந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கல்லோ, கிருமியோ, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கமோதான் காரணமாக இருக்கும். ஆனால் எது காரணம் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், என்னைப்போல் ஊகித்துச் சொல்லக்கூடாது. இருதயத்துக்காக இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைமேல் பழிபோட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த நோய் ஆண்களுக்கே மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆயினும் பெண்களுக்கு வரும்போது தாமதமாகவே கண்டுபிடிக்கிறார்கள். மாதவிலக்கு என்றோ, நீர்க்கடுப்பு என்றோ நினைத்துக் காலம் போகிறது. மாதவிலக்கு நின்று பல வருஷமான பிறகு துணியில் சிவப்புக் கண்டால் அது எங்கிருந்து வந்ததென்று கண்டறிய வேண்டும். நீர்க்கடுப்புக்கு மருந்து சாப்பிட்டும் மறுபடி மறுபடி வந்தால், அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருந்தும் கிருமி இல்லையென்று சோதனை சொன்னால், மூன்றாவது தடவையும் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மேலே என்ன சோதனை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இனி, தொழிற்சங்கப் பத்திரிகைக்கும் தொழிலாளர் கூட்டத்துக்கும் இந்த நோய் ஏன் சொந்தமானது என்பதற்கு வருகிறேன். 1895-இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை வைத்தியர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர் 45 பேரில் மூவருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். பிறகு அந்தப் பழி ரப்பர் மீதும் வந்தது. நாம் இங்கே வெட்டிக் கொடுத்த பால் ஷீட்டாகிக் கப்பலேறிப் போயிற்றல்லவா? அங்கே டயரும் கேபிளும் செய்யும்போது, ரப்பர் விரைவில் கெடாதிருக்க ஒரு ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அதில் பீட்டா நாப்தைலமின் என்ற நஞ்சு கலந்திருந்தது. பிரிட்டனில் அந்தச் சரக்கை 1949-இல் நிறுத்தினார்கள். 1954-இல் கேஸ், ஹாஸ்கர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ரப்பர்த் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்று மிகுந்திருப்பதை எழுதிக் காட்டினார்கள். நோயுற்ற தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1972-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரசாயனம் விற்ற ஐ.சி.ஐ. கம்பெனியும், அதை உபயோகித்த டன்லப் கம்பெனியும் பொறுப்பாளிகளே என்று தீர்ப்பளித்தது. நஞ்சு நின்று இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு! இந்த நோய் அவ்வளவு மெதுவாக வரும். மலேசியாவில் அந்த நாப்தைலமினும் பென்சிடினும் 1999-இல் தடை செய்யப்பட்டன.

பால் வெட்டியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, பாலைத் தொட்டதால் இந்தப் புற்று வராது என்பதுதான். பழி பாலின்மேல் இல்லை, தொழிற்சாலையில் சேர்த்த ரசாயனத்தின்மேல்தான். ஆனால் தோட்டத்தை விட்டுப் போய் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் ரப்பர்ப் பொருள் தொழிற்சாலைகளில் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! ரப்பர்ப் பொருள் உற்பத்தித் தொழிலையே புற்றுநோய்க்குக் காரணமானதென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1982-இலேயே வகைப்படுத்திவிட்டது. பெயிண்டு அடிப்பவர்கள் வேலையும் அந்த வரிசையில் இருக்கிறது. இன்னொன்று, லாலாங் புல்லுக்கு முன்பு சோடியம் ஆர்சனைட் தெளித்தோமே, அது பாஷாணம். பாஷாணம் கலந்த கிணற்று நீரைக் குடித்த தைவான் மக்களிடையே சிறுநீர்ப்பைப் புற்று மிகுந்தது நிரூபணமான விஷயம். தெளித்தவர்களுக்கெல்லாம் நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும், எந்த வருஷம், எந்த வேலை, என்ன மருந்து என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பழைய சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். தொழிலால் வந்த நோயென்று சொக்சோவில் மனுச் செய்யும்போது, அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி அதுதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தப் புற்றில் ஏறக்குறையப் பாதி புகையிலையால் வருவது. பிரிட்டனில் நிறுத்தினார்களே பீட்டா நாப்தைலமின், அதே சரக்கு சிகரெட்டுப் புகையில் இருக்கிறது. நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கும். கம்பெனி கலந்தால் வழக்குப் போடுகிறோம், நாமே காசு கொடுத்து வாங்கி இழுக்கிறோம். நானும் முப்பது வருஷம் இழுத்தவன்தான், ஆகவே இதற்குமேல் உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நிறுத்தினால் ஆபத்து வருஷத்துக்கு வருஷம் குறையும் என்பது மட்டும் உண்மை.

நாட்டு மருந்து பற்றியும் கேட்பீர்கள். இளநீர் குடியுங்கள், பாதகமில்லை. ஆனால் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி வகைச் செடிகளில் உள்ள ஒரு அமிலம் சிறுநீரகத்தையே கெடுத்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றை உண்டாக்கக் கூடியது. அவற்றைத் தொடவே வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் சிறுநீரைச் சோதிப்பார்கள். இரத்தம் உறுதியானால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கோ, கிள்ளான்வாசிகளைத் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்கோ அனுப்பக் கடிதம் கேளுங்கள். அங்கே ஸ்கேன் எடுப்பார்கள். மரத்துப்போகும் மருந்து தடவி, மெல்லிய குழாய்வழி விளக்கை உள்ளே செலுத்திச் சிறுநீர்ப்பையை நேரிலே பார்ப்பார்கள். சில நிமிஷ வேலை. சங்கடந்தான், ஓரிரு நாள் எரியுந்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் இந்தக் குழாய்ப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். சிறிய புற்று ஸ்கேன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கண்டுபிடிக்கப்படும் நான்கு பேரில் ஏறக்குறைய மூவருக்குப் புற்று தசைக்குள் இறங்குமுன்பே அகப்படுகிறது. அவர்களுக்கு வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே சுரண்டி எடுக்கிறார்கள். சிலருக்குப் பின்னால் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். ஆம், காசநோய் வராமலிருக்கக் குழந்தைகளின் தோளில் குத்துகிறார்களே, அதே பி.சி.ஜி.தான்! 1976-இல் கனடாவில் மொராலஸ் என்ற டாக்டர் இதன் பலனை வெளியிட்டார், இன்றுவரை கைவிடவில்லை. எடுத்த பிறகும் இந்தப் புற்று திரும்பத் திரும்ப முளைக்கும் குணமுள்ளது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கூப்பிடும் தேதிக்குப் போயே ஆக வேண்டும். தசைக்குள் இறங்கிவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுக்க நேரும். பையில் நீர் சேர்த்துக்கொண்டும் மனிதர்கள் வாழ்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள்.

முன்வரிசையில் ஒரு அம்மா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "குழாய் விட்டுப் பார்ப்பது ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. பெண் டாக்டர் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள் அம்மா. இல்லாவிட்டால், பெண் நர்சு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டுமென்று சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டுத் தேதியைத் தவறவிட வேண்டாம். இன்னும் இரண்டு சீட்டு இருக்கிறது. ஆனால் சொக்சோ மனு எழுதுவது பற்றிப் பேச வந்த நண்பர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார். அந்த இருவரும் தேநீர் வேளையில் வாசற்பக்கம் என்னிடம் வாருங்கள், தனியாகப் பேசுவோம்.