உடம்பு அவளுடையது, தீர்ப்பு ஊராருடையதா?

(வாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த டெக்ஸாஸ் என்னும் ராஜ்யத்தில் கருச்சிதைவைப் பற்றி இருந்துவரும் சட்டங்களாகும். "கர்ப்பம், கருச்சிதைவு என்பதெல்லாம் நாலு பேர் கூடிய இடத்தில் பேசுகிற சங்கதியா?" என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பெரும்பாலும் ஆண்களாகவே உள்ள ஒரு சட்டசபை, பெண்ணின் வயிற்றைப் பற்றிப் பேசிச் சட்டம் செய்வது வெட்கமில்லையென்றால், அந்தச் சட்டம் யோக்கியமானதா என்று நாம் பேசுவது மாத்திரம் எப்படி வெட்கமாகும்?

டெக்ஸாஸ் என்பது ஏதோ காட்டுமிராண்டி தேசமல்ல. தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பரப்புள்ளது. 3 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்வது. 1969ல் சந்திரனில் கால் வைத்த மனிதர்களோடு பூமியிலிருந்து பேசிய நிலையம் அங்குள்ள ஹூஸ்டன் நகரில்தான் இருக்கிறது. இவ்வளவு அறிவு பெருகிய இடத்தில், பெண் என்று வரும்போது மாத்திரம் அறிவு எங்கே ஓடி ஒளிந்துகொள்ளுகிறது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டெக்ஸாஸில் கருச்சிதைவைக் குற்றமாக்கிய முதல் சட்டம் 1854ல் வந்தது. அப்பொழுது அங்கே பெண்ணுக்கு ஓட்டு இல்லை. அதுமட்டுமா? மனிதனை மனிதன் விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை எஜமானனுடைய சொத்து. அப்படிப்பட்ட சபை செய்த சட்டம், தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் ஒழிய கருவைத் தொடக்கூடாது என்றது. அடிமை முறை 1865ல் ஒழிந்தது; ஓட்டும் பிறகு வந்தது. இந்தச் சட்டத்தின் பிடி மாத்திரம் நூறு வருஷத்துக்கு மேல் தளரவில்லை.

1970ல் டெக்ஸாஸைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண், ரோ என்ற புனைபெயரில் டல்லஸ் ஜில்லா சர்க்கார் வக்கீலான வேட் என்பவர்மீது வியாஜ்ஜியம் தொடுத்தாள். அவளுக்காக நின்ற வக்கீல்கள் இருவரும் இருபது வயதுகளில் இருந்த பெண்கள். 1973 ஜனவரி 22ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒன்பது ஜட்ஜுகளில் ஏழு பேர் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் தீர்ப்பு வருமுன்பே அவளுக்குக் குழந்தை பிறந்து, தத்தும் கொடுக்கப்பட்டுவிட்டது. கோர்ட் நடைக்காகக் கர்ப்பம் காத்திருக்குமா? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். இன்று "கருவைத் தொடுவது கடவுளுக்கு விரோதம்" என்று உரக்கச் சொல்லுகிறவர்களில் தென்பகுதி பாப்டிஸ்ட் சபையார் முக்கியமானவர்கள். அதே சபையார் 1971ல் கூடி, பலாத்காரம், கருவின் கடும் ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் முதலிய காரணங்களுக்காகக் கருச்சிதைவை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். 1980ல் அடியோடு மாறித் தடை கேட்டார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் பைபிள் மாறிற்றா? கடவுள்தான் மனம் மாறினாரா? மனிதன் தன் சௌகரியத்துக்குத் தக்கபடி கடவுளின் வாயில் வார்த்தையைப் போடுகிறான் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

நிற்க. இப்போது நடப்புச் சட்டங்களுக்கு வருவோம். 2021 செப்டம்பர் 1ந் தேதி "இதயத் துடிப்புச் சட்டம்" என்று ஒன்று அங்கே அமுலுக்கு வந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குமேல் கருச்சிதைவு கூடாது என்பது அதன் கருத்து. "ஆறு வாரம் அவகாசம் இருக்கிறதே!" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். டாக்டர்கள் கர்ப்பத்தை எண்ணத் தொடங்குவது கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து. ஆகவே, நாள் தள்ளிப்போயிற்று என்று ஒருத்தி தெரிந்துகொள்ளும்போதே நாலு வாரம் கணக்கில் போய்விடும். மீதி இரண்டே வாரம். விலக்கு ஒழுங்காக வராதவளுக்கு அதுவும் இல்லை. மேலும் அந்த வாரத்தில் முழு உருவான இதயம் கிடையாது. கருவின் சில அணுக்களில் உண்டாகும் அசைவைத்தான் கருவி காட்டுகிறது. அதற்கு "இதயத் துடிப்பு" என்று பேர் வைத்தது வைத்தியமல்ல. கேட்பவன் கண்ணில் நீர் வரவழைக்கும் தந்திரம்.

இதையும்விட அக்கிரமம் அதை நடத்தும் விதம். சர்க்கார் அதிகாரி வழக்குப் போடமாட்டார். எவன் வேண்டுமானாலும் போடலாம்; சம்பந்தமே இல்லாதவனும் போடலாம். கருச்சிதைவு செய்தவர்மீது மாத்திரமல்ல, பணம் கொடுத்தோ வேறு விதமாகவோ உதவியவர்மீதும் போடலாம். ஜெயித்தால் 10,000 டாலருக்குக் குறையாத பரிசு! அன்றைய மதிப்பில் நம் பணம் 7 லட்சத்துக்குமேல். ஸான் அன்டோனியோ நகரத்து டாக்டர் ஒருவர், தாம் ஒரு பெண்ணுக்கு உதவியதாகத் தைரியமாகப் பத்திரிகையில் எழுதினார். உடனே வழக்குப் போட்டவர்களில் ஒருவன் ஆர்க்கன்ஸாவிலும் மற்றொருவன் சிகாகோவிலும் இருந்தார்கள்! எந்தப் பெண்? தெரியாது. என்ன கஷ்டம்? தெரியாது. ஆனால் வழக்குப் போடப் பாத்தியதை உண்டாம்! பக்கத்து வீட்டுக்காரி முழுகாமல் இருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பவனை ஊரில் என்ன சொல்லுவோம்? அந்த ஈனத்துக்குச் சட்டசபை சம்மானம் வைத்தது.

2022 ஜூன் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே தனது 1973ம் வருஷத்துத் தீர்ப்பை ரத்துச் செய்தது. அதற்கு முன்பே தயாராக வைத்திருந்த மற்றொரு சட்டம் ஆகஸ்டு 25ந் தேதி டெக்ஸாஸில் அமுலாயிற்று. இதன்படி, கர்ப்பம் எத்தனை வாரமானாலும் கருச்சிதைவு செய்யும் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரையில் சிறை. 1,00,000 டாலருக்குக் குறையாத அபராதம். தொழில் உரிமையும் போகும். பலாத்காரத்தால் கர்ப்பமானவளுக்கும் விலக்கில்லை. பிழைக்காது என்று தெரிந்த சிசுவைச் சுமப்பவளுக்கும் விலக்கில்லை. தாயின் உயிருக்கோ முக்கிய உறுப்புக்கோ கடும் ஆபத்தென்றால் மாத்திரமே விலக்கு.

"தாயின் உயிருக்குத்தான் விலக்கு இருக்கிறதே!" என்பார்கள். தோழர்களே! இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எவ்வளவு ஆபத்து வந்தால் ஆபத்து? ஜுரம் ஏறினால் போதுமா, நினைவு தப்ப வேண்டுமா? தப்பாகக் கணித்தால் டாக்டருக்கு ஜெயில். காத்திருந்தால் நோயாளிக்குச் சாவு. 2021 செப்டம்பரில் ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு, 17 வாரக் கர்ப்பம் தானாகவே கலைந்துகொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். வயது 28, ஒரு குழந்தைக்குத் தாய். சிசு பிழைக்காது என்பது தெரிந்தும், துடிப்பு நிற்கட்டும் என்று 40 மணி நேரம் அவளைக் காக்க வைத்தார்கள். சில நாளில் விஷக்கிருமி ரத்தத்தில் பரவி அவள் இறந்தாள். அவளைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பயம் கொன்றது, அந்தப் பயத்தை உண்டாக்கியது சட்டம்.

2023 டிசம்பரில் இரண்டு குழந்தைகளின் தாயான 31 வயதுப் பெண், தன் சிசுவுக்கு உயிர் வாழ முடியாத குறைபாடு இருப்பதாலும், கர்ப்பத்தைத் தொடர்ந்தால் இனிப் பிள்ளை பெறும் சக்தியே போய்விடலாம் என்பதாலும் கோர்ட்டில் அனுமதி கேட்டாள். கீழ்க்கோர்ட் ஜட்ஜான ஓர் அம்மாள் அனுமதித்தார். ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலோ ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் விடுத்தார். ராஜ்ய சுப்ரீம் கோர்ட் அனுமதியை ரத்துச் செய்தது. அவள் வெளி ராஜ்யம் போக வேண்டியதாயிற்று. 1973லும் கோர்ட் நடைக்குக் கர்ப்பம் காத்திருக்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் காத்திருக்கவில்லை. அவளால் பயணம் போக முடிந்தது. கூலி வேலை செய்து, லீவு எடுத்தால் வேலை போகும் என்றிருப்பவள் என்ன செய்வாள்? இச்சட்டம் பணக்காரியைத் தடுக்கவில்லை. ஏழையைத்தான் கட்டிப் போடுகிறது.

"கருவும் ஓர் உயிரல்லவா?" என்று கேட்பவர்கள் எல்லோரையும் நாம் அயோக்கியர்கள் என்று சொல்லவில்லை. அது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நமது பதில் இது: உயிரின்மேல் உண்மையான கருணை இருந்தால், அது பிறந்த பிறகும் இருக்க வேண்டும். வைத்திய இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர்களின் விகிதம் ஐக்கிய நாட்டிலேயே மிக அதிகமாயுள்ள ராஜ்யம் டெக்ஸாஸ். 2021ல் அங்கே ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1,985. சட்டம் வந்தபின் 2022ல் 2,240. அதாவது நூற்றுக்குச் சுமார் 13 அதிகம். ஐக்கிய நாட்டின் மற்றப் பகுதிகளில் ஏறியது நூற்றுக்கு 2கூட இல்லை. பிறவிக் குறையால் இறந்த சிசுக்களே இதில் மிகவும் கூடினர் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்கா உயிரைக் காப்பாற்றுவது என்று பேர்?

கருச்சிதைவு நல்ல காரியம், எல்லோரும் செய்துகொள்ளுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்தப் பெண்ணும் அதற்குச் சிரித்துக்கொண்டு போவதில்லை. அது குறைய வேண்டுமானால் கர்ப்பத்தடை முறைகள் எளிதில் கிடைக்க வேண்டும். பெண்ணுக்குக் கல்வியும் சம்பாத்தியமும் வேண்டும். இதை விட்டுவிட்டுச் சிறையைக் காட்டிப் பயமுறுத்தினால், நடப்பது நிற்காது, மறைவில் நடக்கும்.

2025ல் அச்சட்டசபையே தன் சட்டத்துக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. ஆபத்து முற்றும் வரை டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை என்று அப்பொழுதுதான் சொன்னார்கள். செத்தவர்கள் செத்த பிறகு! அதே வருஷத்தில் மற்றொரு கையால், கருச்சிதைவு மாத்திரைகளை டெக்ஸாஸுக்கு அனுப்புவோர்மீது தனி மனிதர்கள் வழக்குப் போட்டு 1,00,000 டாலர் கோரவும் வழி செய்து, டிசம்பர் 4 முதல் அமுல் செய்தார்கள். இவற்றுக்குக் கை தூக்கிய பெண் அங்கத்தினர்களும் உண்டு. விலங்கைப் பெண்ணே பூட்டினாள் என்பதால் அது வளையலாகிவிடாது.

தோழர்களே! முடிவாகச் சொல்லுகிறோம். இந்தச் சட்டங்களில் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. அட்டர்னி ஜெனரலுக்கு அதிகாரம் உண்டு. முகந்தெரியாத அந்நியனுக்கும் பாத்தியதை உண்டு. சுமப்பவளுக்கு மாத்திரம் ஒன்றுமில்லை. 49 வருஷம் கையில் இருந்த உரிமை ஒரே தீர்ப்பில் போயிற்று. ஏன்? சட்டப் புஸ்தகத்தில் எழுதினார்களே ஒழிய, பெண்ணின் உடம்புக்குப் பெண்ணே எஜமானி என்பதை ஜனங்களின் மனதில் ஆழ எழுதவில்லை. ஆகவே நீங்கள் வீட்டுக்குப் போனதும், நாம் சொன்னதை அப்படியே நம்பாமல், உங்கள் தாயையும் மனைவியையும் தங்கையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்லுவதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இவ்விஷயத்தில் அவர்கள் அனுபவத்தைவிடப் பெரிய சாஸ்திரம் கிடையாது என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.