பிள்ளைகளைப் பெற்ற பின் தாதியர் கல்லூரிக்கு

(பொன்விழாவையொட்டி நடந்த கல்வி ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கே பேச வேண்டியவர் எங்கள் பிள்ளைகளின் உம்மா. அவருக்கு இன்று மருத்துவமனையில் மதியப் பயிற்சி. இரண்டு மணிக்குப் போனால் முடிய இரவு ஒன்பதாகும். ஆகவே குடும்பத்தின் சார்பில் எங்களைப் பேசச் சொன்னீர்கள்.

எங்கள் குடும்பம் வியாபாரக் குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டனார் பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா சுற்றுத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் துணி கொண்டுபோய் விற்றவர். 1917-இல் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டமாகத் தொடங்கப்பட்ட தென்னமரம் தோட்டமும் அந்தப் பக்கம்தான். பெயரைப் பாருங்கள், தமிழ்ப் பெயர். துணியைக் கடனுக்குக் கொடுப்பார், சம்பள நாளில் வசூலிப்பார். நாங்கள் இப்போது பாசார் மாலாமில் மசாலையும் பருப்பும் விற்கிறோம். சபாக் பெர்ணம், சுங்கை ஆயர் தாவார் பாலிடெக்னிக்கில் வாங்கிய டிப்ளோமா ஒன்றும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பதினெட்டு வயதில் படிக்கப் போன எங்களுக்கு எல்லாரும் உதவினார்கள். முப்பத்திரண்டு வயதில் படிக்கப் போனவருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

அவர் பத்து ஆண்டுகள் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி, வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் தாதி. எங்கள் தாயாருக்கு நீரிழிவால் காலில் புண் வந்தபோது, "மிஸ்ஸி வேலை பார்க்கிறாயே, இதைப் பார்த்துச் சொல்லேன்" என்று மருமகளிடம் கேட்டார்கள். அவருக்குக் கட்டுப் போடத் தெரியும். புண் ஆறுகிறதா, உள்ளே பரவுகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. தாயாரின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிரவுதான், "நான் முறையாகப் படிக்கப் போகிறேன்" என்றார். அப்போது பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று.

முதல் தடை கணிதம். தாதியர் டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் வேண்டும். அவருக்குக் கணிதத்தில் கிரெடிட் இல்லை. தனியார் தேர்வாளராக, தம் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து மறுபடியும் எழுதினார். இரவில் கடை சுருட்டி வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். பாலிடெக்னிக் படிப்பு அப்போதுதான் முழுப் பலன் தந்தது.

இரண்டாம் தடை பேச்சு. "இரவு வேலை, ஆண் நோயாளிகள், நம் பெண்களுக்கு இது தேவையா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். அக்கறையோடு கேட்டார்கள், குறை சொல்லவில்லை. நாங்கள் சொன்ன பதில் இது: அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தக் கூடாரம் பள்ளிவாசலிலேயே இருந்தது. அப்படியிருக்க, இந்தப் பணியை நமக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் தடை பணம் என்றுதான் நினைத்தோம். பி.டி.பி.டி.என். கடன் கிடைத்தது. கல்லூரிக் கட்டணத்தை எப்படியோ சமாளித்தோம். எங்களைத் திணற வைத்தது நேரம்தான். மூன்றாண்டுப் படிப்பில் வகுப்பு ஒரு பாதி என்றால், மருத்துவமனைப் பயிற்சி மறு பாதி. காலைப் பணி ஏழு மணிக்குத் தொடங்கும். கோலசிலாங்கூரிலிருந்து ஐந்தரைக்குப் புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் எந்த நர்சரி திறந்திருக்கும்? மதியப் பயிற்சியின்போது மாலைத் தொழுகை முதல் இரவு வரை பிள்ளைகளை யார் பார்ப்பது? வாரத்துக்கு ஐந்து பாசார் மாலாம் போட்ட நாங்கள் மூன்றாகக் குறைத்தோம். வருமானமும் அந்த அளவுக்குக் குறைந்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்த ஓர் இரவில், "படிப்பை விட்டுவிடுகிறேன்" என்று அழுதார். நாங்களும் உடனே "விடாதே" என்று சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். விரல் இழந்த காலோடு அடுத்த அறையிலிருந்து வந்த எங்கள் தாயார்தான், "பிள்ளையை என்னிடம் போடு, நீ போய்ப் படி" என்றார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரு மாமியார் அப்படிக் கிடைப்பார்களா? அதனால்தான் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று, நமது கல்வி நிதி இன்று பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான். அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் அது சரி. இனி வேலை செய்துகொண்டு படிக்கும் தாய் தந்தையருக்கும் அதைத் திறந்துவிடுங்கள். பெட்ரோலுக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் ஒரு சிறு தொகை போதும்.

இரண்டு, மகளிர் பிரிவினர் முறை வைத்து, பயிற்சி நாள்களில் இப்படிப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, ஒரு கிரெடிட் குறைவதால் நின்றுபோனவர்களுக்கு வார இறுதியில் கணித வகுப்பு. சொல்லிக்கொடுக்க நாங்களே வருகிறோம். கூலி வேண்டாம், ஒரு தே தாரிக் போதும்.

படிக்க நினைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரிக்குப் பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். விளம்பரத்தில் அது இருக்காது. பிறகு கணவரை உட்கார வைத்து, எந்த இரவுகளில் அவர் வீட்டில் இருப்பார் என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

பாட்டனாரின் கடன் நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் பெயரும் தொகையும் உண்டு, வயது எழுதியதில்லை. நம்பிக் கொடுத்தார், கொடுத்தது திரும்பி வந்தது. அந்த நம்பிக்கையைத்தான் இந்தத் தாய்மார்களுக்காகவும் உங்களிடம் கேட்கிறோம்.

அவருக்கு இன்னும் ஒரு தவணையும் வாரியத் தேர்வும் மீதம் இருக்கின்றன. நல்லபடியாக முடிய துஆ செய்யுங்கள். ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிவரப் போக வேண்டும், இத்துடன் முடித்துக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.