கைபேசிக்கு வரும் கோப்புகளில் கவனம் தேவை

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



விதை வாங்கும்போது நாம் பையின் பகட்டைப் பார்ப்பதில்லை. சான்று விதைக்குரிய நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கைபேசிக்கு வரும் கோப்புக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. பெயரின் கடைசியில் உள்ள எழுத்துகளே அவை.

நாமக்கல் முட்டை விலை, திருச்செங்கோடு மஞ்சள் ஏல நிலவரம் எல்லாம் இன்று வாட்ஸ்அப் வழியே வீடு தேடி வருகின்றன. நன்மைதான். ஆனால் அதே வழியில் திருடனும் வருகிறான். பி.எம். கிசான் பெயரைத் தாங்கிய போலிச் செயலி வாட்ஸ்அப் குழுக்களில் பரவுவதாக 2024ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு எச்சரித்தது. ஆண்டுக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய் தரும் இத்திட்டம் நமக்குப் பழக்கமானது. அதனால்தான் கை தயங்காமல் தொட்டுவிடுகிறது.

படமும் விலைப்பட்டியலும் பார்ப்பதற்கானவை. பெயர் ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிந்தால், அது கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு. போலிச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் திருடனுக்கும் தெரிந்துவிடும். மஞ்சள் விற்ற பணம் கணக்கில் ஏறிய அன்றே இறங்கிவிடக்கூடும். பிறகு அதே கோப்பு நம் பெயரிலேயே உறவினர்களுக்கும் போகலாம். ஆகவே, "மைத்துனர்தானே அனுப்பியிருக்கிறார்" என்பது சான்றாகாது.

இது புதிய தந்திரமன்று. 2000ஆம் ஆண்டு மே மாதம், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலோடு வந்த ஒரு கோப்பு, உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. அதுவும் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தோருக்குத் தானாகவே பரவியது.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ஏ.பி.கே. என்றிருந்தால் திறக்காமல் நீக்கிவிடுங்கள். கணினியில் ஈ.எக்ஸ்.ஈ. என்று முடியும் கோப்புக்கும் இதே விதிதான்.

2. பி.டி.எஃப். கோப்பானாலும், அதனுள் உள்ள இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் தர வேண்டாம்.

3. எதிர்பாராத கோப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

4. செயலி தேவையானால் பிளே ஸ்டோரில், வெளியிட்டவர் பெயரைப் பார்த்தே நிறுவுங்கள். தவணை பற்றிய ஐயத்தை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

தவறி நிறுவிவிட்டால் உடனே கைபேசியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. செயலியை நீக்கி, தெரிந்தவரைக் கொண்டு கைபேசியைச் சரிபார்த்த பிறகே பணப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்துங்கள்.

ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஒரு வயலில் பூச்சி கண்டதும் பக்கத்து வயல்காரருக்குச் சொல்கிறோம் அல்லவா? அதுபோல இதையும் குழுவில் உடனே சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பணமாவது தப்பும்.